காமிராவை முதலில் தராசில் வையுங்கள்

காமிரா வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் கேட்கும் முதல் கேள்வி எது தெரியுமா? "எத்தனை மெகா பிக்சல்?" என்பதுதான். அடுத்தது, "எத்தனை மடங்கு ஜூம்?" மூன்றாவது விலை. "இதன் எடை எவ்வளவு?" என்று கேட்பவர்கள் மிக அரிது. என்னைக் கேட்டால் அந்தக் கேள்விதான் முதலில் வரவேண்டும் என்பேன். அன்றாடம் தூக்கிச் செல்ல முடியாத காமிரா எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அது பீரோவுக்குள் தூங்கும் ஒரு நகைதான்.

இது வெறும் வசதியைப் பற்றிய பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள், மாணவ நண்பர்களே. இதில் அறிவியல் இருக்கிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம்.

விருதுநகர் மாவட்டத்தில், அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் தெற்கே விரியும் வறண்ட சீமையில் பரளச்சி என்ற ஊர் இருக்கிறது. சுற்றிலும் கரிசல் காடு. வானம் பார்த்த பூமி. ஐப்பசி, கார்த்திகை மழை ஒழுங்காகப் பெய்தால் அந்தப் பக்கத்துக் கண்மாய்களில் தண்ணீர் நிற்கும்; கொக்கும் நாரையும் வந்து இறங்கும். மாசி, பங்குனியில் நீர் வற்றி, சித்திரையில் தரை பாளம் பாளமாக வெடித்துவிடும். கரையைச் சுற்றிலும், பல இடங்களில் கண்மாய்க்கு உள்ளேயும், சீமைக் கருவேல மரங்கள் மண்டிக் கிடக்கும்.

அந்த ஊர் மாணவர் ஒருவர் வாரத்துக்கு ஒரு முறை கண்மாய்க் கரையில் ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையைப் பார்த்து ஒரு படம் எடுக்கிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். ஓராண்டு முடிந்ததும் அவர் கையில் 52 படங்கள் இருக்கும். மழை எந்த வாரம் வந்தது, தண்ணீர் எத்தனை வாரம் நின்றது, கருவேல மரம் எவ்வளவு தூரம் உள்ளே நகர்ந்தது, எந்தப் பறவை எந்த வாரம் வந்து எந்த வாரம் போனது என்பதெல்லாம் அவற்றில் பதிந்திருக்கும். செயற்கைக்கோள் மேலிருந்து நீர்ப்பரப்பை அளந்து சொல்லிவிடும். ஆனால் மடையின் பலகை உடைந்து தண்ணீர் வீணாகப் போவதை அது சொல்லாது. கரையில் நிற்பவர்தான் சொல்ல முடியும். பத்தாண்டுகள் கழித்து அந்தக் கண்மாயைப் பற்றி யாராவது ஆராய வந்தால், அந்த 52 படங்களைப் போன்ற சான்று வேறு எதுவும் இராது.

அந்தப் படங்களின் மதிப்பு எதில் இருக்கிறது? விட்டுப் போகாமல் எடுத்ததில்தான் இருக்கிறது. நான்கு வாரம் எடுத்துவிட்டு ஏழு வாரம் விட்டால் அது சான்று ஆகாது. ஆகவே இந்த வேலைக்கு உரிய காமிரா எது என்றால், ஐம்பத்திரண்டாவது வாரத்திலும் "சரி, இன்றைக்கும் எடுத்துக்கொண்டு போவோம்" என்று தோன்றவைக்கும் காமிராதான்.

இதைச் சோதித்துப் பார்க்கக் காமிரா தேவையில்லை. இரண்டு தண்ணீர் பாட்டில்கள் போதும். ஒரு லிட்டர் தண்ணீரின் எடை ஒரு கிலோ என்று உங்களுக்குத் தெரியும். ஒரு பையில் இரண்டரை லிட்டர் தண்ணீர் வைத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, வெயிலில் இரண்டு கிலோமீட்டர் நடந்து திரும்புங்கள். கல்யாண வீடுகளில் நீங்கள் பார்க்கும் பெரிய காமிராவின் உடல் 800 கிராம் முதல் ஒரு கிலோ வரை இருக்கும். அதில் மாட்டும் பெரிய ஜூம் லென்ஸ் மட்டுமே ஏறக்குறைய ஒன்றரை கிலோ. அதுதான் இரண்டரை லிட்டர். மறுநாள் கால் லிட்டர் தண்ணீருடன் அதே தூரம் நடந்து பாருங்கள். அது சட்டைப்பைக் காமிராவின் எடை. இந்த இரண்டு நடைகளுக்கும் உள்ள வேறுபாட்டை எந்த விளம்பரமும் உங்களுக்குச் சொல்லாது.

எடைக்குப் பயந்து காமிராவையே மாற்றி அமைத்த ஒருவர் இருந்தார். ஜெர்மனியில் வெட்ஸ்லர் என்ற ஊரில் லைட்ஸ் என்ற நுண்ணோக்கித் தொழிற்சாலையில் பணியாற்றிய ஆஸ்கர் பர்னாக் என்பவர். அவருக்கு ஆஸ்துமா. அந்தக் காலத்துக் காமிராவையும், கண்ணாடித் தகடுகளையும், முக்காலியையும் தூக்கிக்கொண்டு மலை ஏற அவரால் முடியவில்லை. படத்தைச் சிறியதாக எடுத்து, பிறகு பெரிதாக்கிக் கொண்டால் என்ன என்று யோசித்தார். அப்போது சினிமாவுக்குப் பயன்பட்டு வந்த 35 மி.மீ. பிலிமை எடுத்துக்கொண்டார். சினிமாச் சட்டத்தின் அளவு 18 மி.மீ.க்கு 24 மி.மீ.; இரண்டு சட்டங்களைச் சேர்த்து 24 மி.மீ.க்கு 36 மி.மீ. என்று வைத்துக்கொண்டு, 1914 வாக்கில் கைக்கு அடக்கமான ஒரு காமிராவைச் செய்து முடித்தார். 1925இல் லைப்சிக் சந்தையில் அது 'லைக்கா' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. இன்று 'முழுச் சட்ட' டிஜிட்டல் காமிரா என்று உயர்த்திப் பேசுகிறார்களே, அதன் ஒளியுணர் சில்லின் அளவும் அதே 24க்கு 36 தான்! அந்த நாளில் எடை குறைவானது என்று கொண்டாடப்பட்ட அளவு, இந்த நாளில் பெரிய அளவு ஆகிவிட்டது.

டிஜிட்டல் காமிராவும் பிறக்கும்போது குண்டுக் குழந்தையாகத்தான் பிறந்தது. 1975இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்ற இளம் பொறியாளர் செய்த முதல் கருவியின் எடை 3.6 கிலோ. அதில் 10,000 புள்ளிகள் மட்டுமே. ஒரு படத்தை ஒலிநாடாக் கேசட்டில் பதிக்க 23 விநாடி ஆயிற்று.

சரி, காமிராவின் எடை எங்கிருந்து வருகிறது? வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. பள்ளி ஆய்வகத்திலிருந்து 10 செ.மீ. குவியத் தொலைவுள்ள குவிலென்ஸ் ஒன்றும், 25 செ.மீ. உள்ளது ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். அறைக்குள் சன்னலுக்கு எதிர்ச் சுவரில், வெளியே இருக்கும் வேப்ப மரத்தின் பிம்பத்தை விழச் செய்யுங்கள். (சூரியனை நோக்கி லென்ஸைத் திருப்பாதீர்கள், லென்ஸ் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது.) 10 செ.மீ. லென்ஸில் மரம் சின்னதாக விழும். 25 செ.மீ. லென்ஸில் அதே மரம் இரண்டரை மடங்கு பெரியதாக விழும். ஆனால் லென்ஸைச் சுவரிலிருந்து இரண்டரை மடங்கு தள்ளிப் பிடிக்க வேண்டும். முழு மரத்தையும் பிடிக்க முதல் லென்ஸுக்குச் சிறிய தாள் போதும். இரண்டாவதற்குப் பெரிய தாள் வேண்டும்.

அந்தத் தாளின் இடத்தில் காமிராவுக்குள் இருப்பதுதான் சென்சார் என்னும் ஒளியுணர் சில்லு. சில்லு சிறியதானால் குறைந்த குவியத் தொலைவுள்ள லென்ஸ் போதும். லென்ஸ் குட்டையாகும், குறுகும், கண்ணாடி குறையும், எடை இறங்கும். எடையின் இரகசியம் இவ்வளவுதான். முழுச் சட்டச் சில்லின் பரப்பு 864 சதுர மி.மீ. அடுத்த அளவான ஏபிஎஸ்-சி ஏறக்குறைய 370. மைக்ரோ நான்கு மூன்று என்ற அளவு 225. 'ஓர் அங்குலச் சில்லு' என்பது 116. (அதில் எந்தப் பக்கத்தை அளந்தாலும் ஓர் அங்குலம் வராது! பழைய தொலைக்காட்சிக் காமிராக் குழாயின் வெளி விட்டத்தை வைத்து வந்த பெயர் அது. வியாபாரிகள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்.) சாதாரணச் சட்டைப்பைக் காமிராவின் சில்லு வெறும் 28 சதுர மி.மீ., சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது.

'கண்ணாடி இல்லாக் காமிரா' என்ற சொல்லையும் கேட்டிருப்பீர்கள். பழைய வகையில் லென்ஸுக்குப் பின்னே ஒரு தட்டைக் கண்ணாடியும், மேலே ஒரு பட்டகமும் இருக்கும். நாம் லென்ஸ் வழியே காட்சியைப் பார்க்க அவை உதவும். 2008 முதல் வந்த புதிய வகையில் அவற்றை எடுத்துவிட்டுச் சிறிய மின்திரையை வைத்தார்கள். உடல் மெலிந்தது. ஆனால் சில்லின் அளவு மாறாதவரை லென்ஸ் அவ்வளவாக மெலிவதில்லை. விளம்பரத்தில் 'எடை 375 கிராம்' என்று போட்டு, கீழே பொடி எழுத்தில் 'உடல் மட்டும்' என்று அச்சிட்டிருப்பார்கள். லென்ஸ் இல்லாத காமிரா கண் இல்லாத முகம். ஆகவே ஒப்பிடும்போது லென்ஸ், மின்கலம், நினைவு அட்டை, தோள்வார் எல்லாம் சேர்ந்த எடையைக் கேளுங்கள். கடைக்காரர் தடுமாறினால் பக்கத்து மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பாருங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எடை குறைவதற்கு நாம் ஒரு விலை கொடுக்கிறோம். அதை மறைக்கக் கூடாது. 50 மி.மீ. லென்ஸின் துளை எஃப் 2 என்றால் துளையின் விட்டம் 25 மி.மீ. அதே காட்சியைக் காட்டும் 25 மி.மீ. லென்ஸில் எஃப் 2 என்றால் 12.5 மி.மீ. விட்டம் பாதியானால் பரப்பு காலாகிவிடும். அதாவது சிறிய காமிரா, காட்சியிலிருந்து நாலில் ஒரு பங்கு ஒளியைத்தான் உள்ளே வாங்குகிறது. மங்கலான இடத்தில் படத்தில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தெரிவது இதனால்தான்.

இங்கேதான் ஊரைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும் என்கிறேன். காமிராக்களை ஒப்பிட்டு எழுதுகிறவர்களில் பலர் மேகம் மூடிய குளிர்நாட்டுக்காரர்கள், அல்லது இரவில் விளக்கொளியில் படம் எடுப்பவர்கள். அவர்களுக்கு ஒவ்வொரு துளி ஒளியும் பொன். பரளச்சிச் சீமையில் மரம் குறைவு, நிழல் குறைவு, வெயிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லை. பிலிம் காலத்துப் படக்காரர்கள் மனப்பாடமாக வைத்திருந்த ஒரு கணக்கு உண்டு. நல்ல வெயிலில் துளையை எஃப் 16இல் வைத்து, பிலிமின் வேகம் 100 என்றால் 1/100 விநாடி கொடுத்தால் படம் சரியாக விழும். டிஜிட்டலுக்கும் அதே கணக்குத்தான். துளையை எஃப் 5.6க்குத் திறந்தால் எட்டு மடங்கு ஒளி வரும். 1/800 விநாடி போதும். அந்த நேரத்தில் பறக்கிற கொக்கின் சிறகும் பெரும்பாலும் அசையாமல் நிற்கும். இவ்வளவு ஒளி கொட்டிக் கிடக்கிற ஊரில், கூடுதல் ஒளியைச் சேகரிக்க ஒன்றரை கிலோ கண்ணாடியைச் சுமப்பானேன்?

அந்தச் சீமையில் நமக்குக் குறைவாக இருப்பது ஒளி அல்ல. அருகாமைதான். பறவை கண்மாயின் நடுவில் நிற்கும். நாம் கரையில் நிற்போம். ஒரு கணக்குப் போடலாம். பிம்பத்தின் உயரம் வேண்டுமானால், பொருளின் உயரத்தைக் குவியத் தொலைவால் பெருக்கித் தூரத்தால் வகுக்க வேண்டும். சங்குவளை நாரையின் உயரம் ஏறக்குறைய 1 மீட்டர். அது 100 மீட்டருக்கு அப்பால் நிற்கிறது. அப்படியானால் பிம்பம் குவியத் தொலைவில் நூறில் ஒரு பங்கு. கைபேசியின் முக்கிய லென்ஸின் உண்மையான குவியத் தொலைவு ஐந்தாறு மி.மீ.தான். பிம்பம் 0.055 மி.மீ. என்று கொண்டால், சில்லின் ஒரு புள்ளி 1.4 மைக்ரான் என்ற கணக்கில், நாரை முழுவதும் 40 புள்ளிகளில் அடங்கிவிடும். அது நாரையா, நட்டுவைத்த கம்பா என்றுகூடச் சொல்ல முடியாது. கைபேசித் திரையில் விரலால் விரித்துப் பெரிதாக்கினால் அந்த 40 புள்ளிகள்தான் பெரிதாகும். புதிதாக எதுவும் தெரியாது. சட்டைப்பையில் அடங்கும் 30 மடங்கு ஜூம் காமிராவில் நீண்ட முனையின் குவியத் தொலைவு ஏறக்குறைய 120 மி.மீ.; நாரையின் பிம்பம் 1.2 மி.மீ., அதாவது 900 புள்ளிகளுக்கு மேல். சிறு துளையில் ஒளி விளிம்பு விலகல் அடைந்து பரவுவதால் அந்தப் புள்ளிகள் எல்லாம் தனித்தனியாகத் தெளிவடையா. ஆனாலும் அலகின் மஞ்சளும், சிறகின் இளஞ்சிவப்பும் தெரிந்துவிடும். எடை 250 முதல் 350 கிராம். ஏபிஎஸ்-சி காமிராவில் 250 மி.மீ. வரை போகும் சாதாரண லென்ஸை மாட்டினால் 600 புள்ளிகளுக்கு மேல் கிடைக்கும், அவை இன்னும் தெளிவாக இருக்கும். எடை ஏறக்குறைய 800 கிராம்.

தொலைவிலிருந்தே எடுக்க முடிவதில் இன்னொரு நன்மையும் உண்டு. கூட்டில் குஞ்சு இருக்கும்போது நாம் நெருங்கினால் தாய்ப்பறவை எழுந்து போய்விடும். வெயிலில் குஞ்சு துடிக்கும். அண்டையிலுள்ள இராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் பறவைகள் சரணாலயங்கள் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தன. அங்கே கருவேல மரங்களிலேயே நாரைகள் கூடு கட்டுகின்றன. அப்படிப்பட்ட இடங்களில் நமது காலைவிட லென்ஸ் முன்னே போவது நல்லது.

ஆகவே என் கட்சி இது. கண்மாயின் தோற்றம், பயிர், பூச்சி, மண்வெடிப்பு, கல்வெட்டு ஆகியவற்றுக்கு வீட்டில் இருக்கும் கைபேசியே போதும். அதற்கென்று காமிரா வாங்கி அப்பாவின் பணத்தைக் கரைக்க வேண்டாம். தொலைவில் உள்ளதைப் பிடிக்க வேண்டும் என்றால் மட்டும் காமிரா வாங்குங்கள். அதுவும் எடை குறைந்த ஜூம் காமிராவாக வாங்குங்கள். அதைவிடத் தெளிவு வேண்டுமென்று உங்கள் பள்ளி அறிவியல் மன்றம் விரும்பினால், 800 கிராம் வரை போகலாம். அதற்கு மேல் போக வேண்டாம்.

"பெரிய காமிரா வைத்திருப்பவர்கள் எல்லாரும் அசடுகளா?" என்று கேட்பீர்கள். இல்லை. நம் தமிழ்நாட்டின் மா. கிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912 முதல் 1996 வரை வாழ்ந்த இயற்கையியல் அறிஞர். காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் அவர் எடுத்த படங்கள் இன்றும் பேசப்படுகின்றன. வெவ்வேறு பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கனத்த காமிராவுக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்திருந்தார். காட்டு நிழலில், அன்றைய பிலிமில், யானையின் தோல் சுருக்கம்வரை வேண்டும் என்றால் அவருக்குப் பெரிய கருவிதான் வேண்டியிருந்தது. அவர் தம் வேலைக்கு ஏற்ற சுமையைச் சுமந்தார். நம் வேலை வேறு.

இவ்வளவு சொன்ன பிறகு, எடைக்கு எதிராக இரண்டு வார்த்தை. இருப்பதிலேயே இலேசானதைத் தேடி ஓடாதீர்கள். காட்சிகாண் துளை இல்லாத காமிராவை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது 50 கிராம் கூடினாலும் சரி. நண்பகல் வெயிலில் பின்திரையில் உங்கள் முகம்தான் தெரியும், நாரை தெரியாது. மேலும், திரையைப் பார்த்து எடுக்கும்போது கையை முன்னே நீட்டுகிறோம். கை ஒரு நெம்புகோல். நீட்ட நீட்டத் திருப்புவிசை கூடி நடுக்கமும் கூடும். ஜூம் முனையில் சிறு நடுக்கமும் பெரிதாகிவிடும். கண்ணோடு ஒட்டிப் பிடித்தால் நெற்றியும் இரண்டு முழங்கைகளும் சேர்ந்து ஒரு முக்காலியாகின்றன. அதேபோல மின்கலத்தின் எடையிலும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மெகா பிக்சலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்கிறீர்களா? ஏ4 தாள் முழுவதும் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட 3508க்கு 2480, அதாவது 87 இலட்சம் புள்ளிகள், 9 மெகா பிக்சலுக்கும் குறைவு. பதினைந்து ஆண்டுப் பழைய காமிராவிலேயே அது உண்டு. "தம்பி, இது 48 மெகா பிக்சல்" என்று கடைக்காரர் சொன்னால் சிரித்துக்கொண்டே அடுத்த கேள்விக்குப் போங்கள்.

பழைய காமிராவிலேயே அது உண்டு என்பதால் பழையதை வாங்குவதும் நல்ல யோசனைதான். வாங்கும்போது ஒரு வெள்ளைச் சுவரைத் துளை சிறிதாக இருக்கும்படி வைத்துப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். அசையாத கரும்புள்ளிகள் இருந்தால் உள்ளே தூசி புகுந்திருக்கிறது என்று பொருள். ஜூமை முன்னும் பின்னும் ஓட்டிக் காதருகே வைத்துக் கேளுங்கள். மணல் அரைபடும் ஓசை வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாற்று மின்கலம் இன்னும் கடையில் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள். கோடைக்காற்றில் கரிசல் புழுதி எங்கும் நுழையும். அதனால் ஜிப் வைத்த ஒரு சின்னப் பை அவசியம். அதையும் சேர்த்தே தராசில் வையுங்கள்.